தொலைநோக்குத் திட்டம் இருந்தால் மாஸ்டர் பிளான் எதற்கு? குமரி மாவட்டத்தை முன்வைத்து

கேள்வி: ஜூன் 3, குழித்துறை வாசகர்

மண்டலத் திட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. மாவட்டம் முழுவதற்கும் அப்படி ஒரு தொலைநோக்குத் திட்டம் வந்துவிட்டால், ஊர் ஊராக நிறம் பூசி வைத்திருக்கும் நிலப்பயன்பாட்டு வரைபடங்களைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. அவை இதுவரை எதைத் தடுத்தன? வயல் போயிற்று, குளம் போயிற்று. பெரிய திட்டம் சரியாக இருந்தால் சின்னது தானாக அதன்பின் வரும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

இருக்கிறது. மனைப்பிரிவு வரைபடம் வரைந்து பிழைப்பவன் நான். நிறம் பூசிய வரைபடத்தின்மேல் எனக்குப் பாசம் கிடையாது, அதனால் வருமானம் மட்டும் உண்டு. ஆனாலும் உங்கள் கட்சியில் சேர மாட்டேன்.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான் என்பது இதுதான்), புதுநகர் வளர்ச்சித் திட்டம், விரிவு வளர்ச்சித் திட்டம் எல்லாம் அதில்தான் வருகின்றன. அதன் 47-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: திட்டம் நடைமுறைக்கு வந்த இடத்தில் அதற்கு மாறாக ஒருவர் நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது. குடியிருப்பு நிறத்துக்குள் மர அறுப்பாலை வைக்க வேண்டும் என்று ஒருவர் மனுப் போட்டால், அந்தப் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பலாம். “பசுமையான, வளமான, பேரிடரைத் தாங்கும் மாவட்டம்” என்று வழவழத் தாளில் அச்சடித்த தொலைநோக்கு ஆவணத்தைக் காட்டி ஒரு மனுவைக்கூடத் திருப்ப முடியாது. முன்னதற்குப் பல் இருக்கிறது, பார்வை இல்லை. பின்னதற்குப் பார்வை இருக்கிறது, பல் இல்லை. நீங்கள் பல்லைப் பிடுங்கச் சொல்கிறீர்கள்.

ஜூன் 4, காலை

“எதைத் தடுத்தன” என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், அதில் பாதி நியாயம் இருக்கிறது. அனுமதியில்லாத மனைப்பிரிவு நம் மாவட்டத்தில் எப்போது நின்றது? 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதுதான். அதுவரை சட்டம் ஒரு பக்கம் இருந்தது, கல் நட்டு விற்பது ஒரு பக்கம் நடந்தது. பத்திரம் பதிவாகாது என்றதும் என் மேசைக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள். மறு ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பிரித்த மனைகளுக்கு கட்டணம் கட்டினால் சரி என்றாயிற்று.

ஆக, வரைபடம் தடுக்கவில்லை. அந்த வரைபடம் பணம் கைமாறும் இடத்தோடு கோக்கப்பட்டபோது தடுத்தது. தொலைநோக்குத் திட்டத்துக்கும் இதே கேள்விதான்: அது எங்கே கோக்கப்படுகிறது?

ஜூன் 4, இரவு

இனயம் துறைமுகத் திட்டம் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். நானே அங்குதான் வர இருந்தேன்.

“பெரிய திட்டம் சரியாக இருந்தால் சின்னது தானாக வரும்” என்ற வாதத்துக்கு நம் கடற்கரையைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. சாகர்மாலா என்பது நாடு தழுவிய தொலைநோக்குத் திட்டம். துறைமுகங்களைப் புதுப்பிப்பது, புதிய துறைமுகங்கள் அமைப்பது, அவற்றுக்குச் சாலையும் ரயிலும் இழுப்பது, கரையோரம் தொழில் வளர்ப்பது என்று பெரிய சிந்தனை. அதன்கீழ் இனயத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைக்க 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. இயற்கையான ஆழம், பன்னாட்டுக் கப்பல் பாதைக்கு அருகாமை என்று காரணங்கள் வலுவானவைதான். பக்கத்து மாநிலத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தின் கட்டுமானம் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது என்பது மட்டும் இடித்தது.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். மீனவர் கிராமங்கள் எதிர்த்து நின்றன. இடம் கோவளம், கீழமணக்குடிப் பக்கம் மாறியது. அங்கும் எதிர்ப்பு. கடைசியில் துறைமுகம் எங்கும் வரவில்லை. விழிஞ்ஞம் 2025 மே மாதம் முறைப்படித் திறக்கப்பட்டது.

என் தொழில் இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் கருங்கல் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு வரைபடம் கேட்டு வந்தவர்கள் ஏராளம். “துறைமுகச் சாலை இந்த வழியாகத்தான் போகும்” என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியைக் காட்டினார்கள். கையில் ஒரு செல்போன் படம், அதில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குச் சட்டத்தில் ஓர் இடமும் கிடையாது. ஆட்சேபணை தெரிவிக்கவும் முடியாது, ஏனென்றால் அது அறிவிக்கப்பட்ட திட்டமே அல்ல. ஆனால் சென்ட் விலையை ஏற்றியது அந்தக் கோடுதான். முழுமைத் திட்ட வரைவு என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுத்தாக வேண்டும். ஒரு கடற்கரையையே மாற்றப் போகும் கோட்டுக்கு அப்படி ஒரு நாள்கூட இல்லை.

குழித்துறைக்காரரே, சட்டப்படி அறிவிக்கப்படாத பெரிய திட்டம் யாரையும் சட்டப்படி கட்டாது, யாரும் அதைச் சட்டப்படி எதிர்க்கவும் முடியாது. எனக்குப் பயம் அங்கேதான்.

ஜூன் 5

திங்கள்சந்தை நண்பர் எழுதுகிறார்: “அண்ணாச்சி, விழிஞ்ஞம் அவர்கள் திட்டம், பாறை நம்முடையது.” சிரித்துவிட்டேன், பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு மாநிலத்தின் தொலைநோக்குத் திட்டம் இன்னொரு மாநிலத்தின் மலையடிவாரத்தில் கல்குவாரியாக இறங்குகிறது. கனரக லாரிகள் களியக்காவிளை வழியாகப் போன நாட்களில் மார்த்தாண்டத்தில் சாலையைக் கடந்தவர்களுக்கு இது புரியும். நம் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் அதற்கு ஒரு நிறமும் இல்லை.

ஜூன் 7

சூரிச்சிலிருந்து எழுதும் தக்கலைக்காரருக்கு நன்றி. அவர் கேட்டது: “இங்கே இரண்டு திட்டங்களும் சண்டையில்லாமல் இருக்கின்றனவே, அங்கே ஏன் முடியாது?”

சுவிட்சர்லாந்தின் 1979 சட்டத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். மாநிலம் போடும் வழிகாட்டுத் திட்டம் அரசு அமைப்புகளைக் கட்டும், நில உடைமையாளரைக் கட்டாது. ஊராட்சி போடும் நிலப்பயன்பாட்டுத் திட்டம் உடைமையாளரைக் கட்டும். யாரை எது கட்டும் என்பதில் குழப்பம் இல்லை. சாலைத் துறை தன் சொந்த மாநிலத்தின் வழிகாட்டுத் திட்டத்தைத் தெரியாததுபோல் தாண்டிப் போக முடியாது. ஜெர்மனியில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஒன்றையொன்று கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் 2008 சட்டத்தின்படி தொலைநோக்கு ஆவணம் அதை எழுதிய அரசை மட்டுமே கட்டியது. 2024-இல் புதுச் சட்டம் வந்தும் அந்தப் பிரிவினை தொடர்கிறது.

எல்லா இடத்திலும் சண்டையில்லை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் கதை வேறு. 1968-இல் கட்டமைப்புத் திட்டம் மேலே, உள்ளூர்த் திட்டம் கீழே என்று இரண்டு தட்டாகப் பிரித்தார்கள். 2004-இல் மேல் தட்டை மாற்றி வட்டார உத்தித் திட்டம் கொண்டுவந்தார்கள். 2011-இல் அதை ஒழிக்கச் சட்டம் போட்டு, பக்கத்து ஊராட்சிகள் ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டும் என்ற கடமையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். ஸ்காட்லாந்து நேரெதிர்த் திசையில் போனது. 2023 பிப்ரவரியில் ஏற்ற தேசியத் திட்டச் சட்டகம் அங்கே சட்டப்படியான வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதி. ஒரு தீவுக்குள்ளேயே இரண்டு முடிவுகள்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

இரண்டு திட்டங்களையும் கோக்கும் கொக்கியே இந்தியாவில் இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த அரசமைப்பின் 243 இசட்டி பிரிவைப் படியுங்கள். மாவட்டத் திட்டக் குழு, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களைக் கருத்தில் கொண்டு வரைவு வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். அந்தப் பொது விஷயங்களின் பட்டியலில் இடவெளித் திட்டமிடலும் இருக்கிறது, தண்ணீரைப் பகிர்ந்துகொள்வதும் இருக்கிறது. நம் மாவட்டத்தை மனத்தில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். ஆனால் நகர் ஊரமைப்புச் சட்டம் அதற்கு இருபது ஆண்டு மூத்தது. குழு ஒரு சாலையில், சட்டம் ஒரு சாலையில்.

ஜூன் 9

இடையில் ஒரு வேடிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்ட மக்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகள். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். வெளியூர் அதிகாரி ஒருவர் இந்த எண்ணைப் படித்துவிட்டு வந்து, நகரம் எங்கே என்று தேடினாராம். பலா மரத்தடியில் நின்றுகொண்டு “இதுதான் சார்” என்றார்களாம். கதை உண்மையோ பொய்யோ, நான் நம்புகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை பஸ்ஸில் போனால் எங்கே ஊர் முடிந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து சென்ட் விளை, அதில் தென்னை, வாழை, மிளகு, ஒரு கிணறு. மக்கள் தோட்டத்துக்குள் வாழ்கிறார்கள். முழுமைத் திட்டத்தின் சாயப்பெட்டியோ குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று தனித்தனியாக இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ஒரே சர்வே எண்ணுக்குள் நான்கும் இருக்கும். குடியிருப்பு என்று மஞ்சள் பூசினால் தோட்டத்துக்குப் பாதுகாப்பு போயிற்று, விவசாயம் என்று பச்சை பூசினால் மகனுக்கு வீடு கட்ட முடியாது. கிழக்கே நாஞ்சில் நாட்டில் கதை வேறு. அங்கே ஏலாவும் (வயல்வெளி) ஊரும் தனித்தனியாகத் தெரியும், நிறம் பொருந்தும். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு விதமான நிலம். இதைப் பார்க்கும் வேலை மேலேயுள்ள திட்டத்துடையது, கீழேயுள்ள வரைபடத்துக்கு அந்த உயரம் கிடையாது. இந்த அளவில் குழித்துறைக்காரர் பக்கம் சாய்கிறேன்.

ஜூன் 10

முப்பந்தல் காற்றாலைகளை எந்த நிறத்தில் நட்டார்கள் என்று ஆரல்வாய்மொழிக்காரர் கேட்கிறார். காற்றின் நிறத்தில்.

ஜூன் 12

அப்பாவின் பங்காகப் பூதப்பாண்டிப் பக்கம் எனக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது, கடைமடை. அதை வைத்துப் பேசினால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. கோதையாற்றுத் தண்ணீர் சானல்களாகப் பிரிந்து, தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் நாட்டுப் புத்தனார் சானல் என்று குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகிறது. குளத்தின் உபரி அடுத்த குளத்துக்குப் போகும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களும் அதை நம்பித்தான். இதைப் போட்டவர்கள் தொலைநோக்குத் திட்டம் என்று பெயர் வைக்கவில்லை. நாஞ்சில் நாட்டில் எது வயல், எது விளை, எங்கே ஊர் என்பதை எந்த முழுமைத் திட்டத்தையும்விட இந்தத் தண்ணீர்தான் தீர்மானித்தது.

இப்போது எங்கள் ஏலாவில் நடப்பது: மேலே ஒருவர் வயலில் வாழை வைத்தார். சட்டப்படி விவசாயம், தவறில்லை. பிறகு வரப்பில் தென்னை. பிறகு ஒரு மூலையில் மண்ணடித்து ஒரு ஷெட். பிறகு வீடு. வருவாய்ப் பதிவேட்டில் இன்றும் நஞ்சை. முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் விவசாய நிலத்தை மாற்றுவதற்கென்று 2017-இல் விதிகள் வந்தன. ஆட்சியரின் இசைவு வேண்டும், வேளாண் துறையின் கருத்து வேண்டும். ஒவ்வொரு மனுவும் தனியாகப் பார்க்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் “பக்கத்து நிலங்களுக்குப் பாதிப்பில்லை” என்று எழுதியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் உண்மைதான். சேர்த்துப் பார்த்தால் என் மடைக்குத் தண்ணீர் வருவதில்லை, 2021 நவம்பர் வெள்ளத்தில் வந்த தண்ணீர் வடியவும் இல்லை.

அரசே போடும் நான்குவழிச்சாலை வயல்களுக்கு நடுவே மேடு கட்டிக்கொண்டு போனபோது, ஐந்து சென்ட் காரனிடம் கேட்கும் கேள்வியில் பாதிகூட அந்த மேட்டிடம் கேட்கப்படவில்லை. மேட்டுக்குக் கீழே எங்கள் ஓடைக்கு ஒரு குழாய் போட்டார்கள். குழாயின் அகலத்தை யார் முடிவு செய்தது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். வேறு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால், இது மாவட்டத் திட்ட விஷயம் என்றார்கள். மாவட்டத்துக்கு எந்தத் திட்டம்?

அதனால்தான் சொல்கிறேன், தொலைநோக்குத் திட்டம் கட்ட வேண்டியது முதலில் அரசுத் துறைகளை. சாலை போடுகிறவர், துறைமுகம் வரைகிறவர், குவாரிக்கு அனுமதி கொடுக்கிறவர். அதில் எல்லாவற்றையும் எழுத வேண்டாம். சானல், குளம், உபரி வழி, அவற்றோடு பிழைக்கும் ஏலா. இவற்றை மட்டும் சர்வே எண்ணோடு கோடாகப் போட்டு, அந்தக் கோடு கீழேயுள்ள முழுமைத் திட்டத்தில் மாறாமல் இறங்க வேண்டும் என்று எழுதினால் போதும். மிச்சத்தைத் தளர்வாக விடலாம்.

ஜூன் 13

“அப்படியானால் முழுவதையுமே சட்டமாக்கிவிடலாமே, ஏன் அந்தக் கோடுகளை மட்டும்?” என்கிறார் இரணியல் வாசகி. நல்ல கேள்வி, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன்.

எல்லாவற்றையும் சட்டமாக்கினால் எல்லாவற்றுக்கும் திருத்தம் வேண்டியிருக்கும். முழுமைத் திட்டத்தில் ஒரு துண்டு நிலத்தின் நிறத்தை மாற்றச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு வழியே போக வேண்டும். என் வாடிக்கையாளர்கள் அந்தக் கோப்பின் பின்னால் நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள். முழுமைத் திட்டம் அவ்வளவு எளிதில் புதுப்பிக்கப்படுவதும் இல்லை. சென்னையின் முதல் முழுமைத் திட்டத்துக்கும் 2008-இல் வந்த இரண்டாவதற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல். தொலைநோக்குத் திட்டத்தின் பலமே, நிலைமை மாறும்போது உட்கார்ந்து பேசி மாற்றிக்கொள்ளலாம் என்பது. அதைச் சிமெண்டில் ஊற்றினால் இன்னொரு மாஸ்டர் பிளான்தான் கிடைக்கும், பெயர் மட்டும் நீளமாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சட்டத்தில் 38-ஆம் பிரிவு இருக்கிறது. சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் அரசு கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால் ஒதுக்கீடு தானாக விலகியதாகக் கொள்ளப்படும். உடைமையாளருக்கு அது நியாயம். காசில்லாமல் கோடு போடுகிறவர்களுக்கு அது கண்டிப்பு. எங்கள் குளங்களின் உபரி வழி பெரும்பாலும் புறம்போக்கு, கையகப்படுத்த வேண்டியதில்லை. அதனால்தான் அந்தக் கோடுகளைச் சட்டமாக்குவது மலிவு.

ஜூன் 15

கேரளத்தைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். 2008-இன் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நகரமைப்புச் சட்டமே அல்ல. ஆனால் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அது பல இடங்களில் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தின் வேலையைச் செய்தது. உள்ளூர் அளவில் தரவுப் பட்டியல் போட்டு, அதில் நெல்வயல் என்று ஏறிய நிலத்தை நிரப்புவது கடினம் என்றாக்கினார்கள். 2018-இல் திருத்தம் வந்து, பட்டியலில் ஏறாத நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்றலாம் என்றானது. அதாவது பட்டியலில் ஏறுவதா இல்லையா என்பதே போராட்டமாயிற்று.

நமக்கும் பட்டியல் வேண்டும் என்பேன். ஆனால் பச்சை பூசப்பட்ட நிலத்துக்காரர் என்ன செய்வார் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். மகள் கல்யாணத்துக்குப் பத்து சென்ட் விற்கிறவரிடம் போய்த் தேரூரின் பறவைகளைப் பற்றிப் பேச எனக்கு நா எழாது. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் (பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) ஏறின, வேம்பனூரும் ஏறியது. எனக்கும் பெருமைதான். பெருமைக்குப் பக்கத்து வயல்காரர் மட்டும் விலை கொடுக்கிறார் என்றால் அவர் மண்ணடிக்கத்தான் செய்வார்.

ஜூன் 16

கடற்கரை நண்பர்கள் கோபப்படுவதற்கு முன் ஒரு குறிப்பு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிள்ளை இல்லை, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் பிள்ளை. ஆனாலும் குளச்சல் தொடங்கி நீரோடி வரை வீடு கட்டுகிறவருக்கு முதலில் குறுக்கே நிற்பது அதுதான். 2019 அறிவிக்கையில் ஊர்ப்புறக் கடற்கரையை இரண்டாகப் பிரித்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால், திட்ட வரைபடம் தயாரான பின் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறும் மேல் எல்லை) 50 மீட்டர் மட்டும் கட்டுமானம் கூடாத பகுதி. அதற்குக் குறைந்தால் 200 மீட்டர்.

ஒக்கிப் புயலுக்குப் பிறகு கடலோர வாழ்வை எப்படிக் காப்பது என்ற பெரிய கேள்விக்கு, டெல்லியிலிருந்து வந்த விடை ஒரு மக்கள் அடர்த்தி எண். நெருக்கமாக வாழ்கிற மீனவருக்கு வீடு கட்ட இடம் கிடைத்தது, சரி. அலை வந்தால் அவர்கள் எங்கே ஏறுவார்கள், படகை எங்கே வைப்பார்கள், வலையை எங்கே உலர்த்துவார்கள்? எண் அதைச் சொல்லாது.

ஜூன் 19

குழித்துறைக்காரர் மீண்டும் வந்திருக்கிறார்: “நீங்கள் சொல்வதைக் கூட்டிப் பார்த்தால் நான் சொன்னதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்.”

இல்லை ஐயா. நீங்கள் கீழ்த் தட்டை எடுக்கச் சொன்னீர்கள். நான் மேல் தட்டுக்கு ஒரு முதலாளியைத் தேடுகிறேன்.

ஜூன் 22

வெள்ளமடத்துக்கு அருகே இருபது சென்ட் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: தொலைநோக்கை விடுங்கள். கிராம வரைபடமும் புலப்படமும் எடுத்து, அந்த எண்ணுக்கு மேலே எந்தக் குளம், கீழே எந்த ஓடை என்று நேரில் நடந்து பாருங்கள். மழை மாதத்தில் போவது நல்லது. நஞ்சை என்றால் பயன்பாட்டு மாற்ற உத்தரவின் நகலைக் கேளுங்கள், “வந்துவிடும்” என்பதை எண்ணாதீர்கள். மலையடிவாரக் கிராமம் என்றால் மலையிடப் பாதுகாப்பு விதிகள் பொருந்துமா என்றும் பாருங்கள். முழுமைத் திட்ட வரைவு எப்போதாவது காட்சிக்கு வந்தால், அந்த இரண்டு மாத அவகாசத்துக்குள் ஓடையின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சேபணை எழுதிக் கொடுங்கள். நகல் எனக்கும் ஒன்று அனுப்புங்கள், சேர்த்து வைக்கிறேன்.